'கண்டுக்காதே' என்பது அறிவுரை அல்ல

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்காஸ்ட் ஒன்றில் கோ-ஹோஸ்டாகப் போய் உட்காரும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை இலவசமாகக் கிடைத்துவிடும். "கண்டுக்காதே." நண்பர்கள் சொல்வார்கள், வீட்டில் சொல்வார்கள், பக்கத்து நாற்காலியில் இருக்கும் பழைய ஹோஸ்ட் கட்டாயம் சொல்வார். கூடவே சில உப வாக்கியங்களும் வரும். எல்லாருக்கும் நடக்கிறதுதான், கொஞ்ச நாள்ல சரியாயிடும், பப்ளிக்ல வந்தா இதெல்லாம் தாங்கிக்கணும், திட்டுறவன்தான் உண்மையான ரசிகன்.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரானது. 'கண்டுக்காதே' சொல்பவருடைய வேலையைக் குறைக்கிறது, கேட்பவருடைய வேலையைக் கூட்டுகிறது. பழைய ஹோஸ்ட் வாய் திறக்க வேண்டியதில்லை. நேயர் தன் காதைக் கொஞ்சமும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சி எதையும் மாற்ற வேண்டியதில்லை. புதிதாக வந்தவர் மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு, படித்ததைப் படிக்காதது போல இருக்கப் பயிற்சி எடுக்க வேண்டும். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதற்கு மனவலிமை என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

அதைவிட மோசமான இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விடுகிறவர், கண்டுகொள்ள வேண்டியதையும் சேர்த்துத்தான் விடுகிறார்.

நேயர் எதை இழக்கிறார்?

முதலில் நேயரின் பக்கம் நின்று பார்ப்போம். அவரைத் திட்டுவது சுலபம், அதனால் பிரயோஜனம் கிடையாது.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை போகும் மின்சார ரயிலில் காலையில் ஏறிப் பாருங்கள். கூடுவாஞ்சேரி வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் காதில் எதையாவது மாட்டியிருப்பார்கள். அதில் சிலர் கேட்பது பாட்டு, சிலர் கேட்பது பேச்சு. பேச்சைக் கேட்பவருக்கும் பேசுபவருக்கும் நடுவில் ஒரு விசித்திரமான நெருக்கம் உண்டாகிறது. மேடையில் பேசுபவர் எதிரில் நிற்கிறார், டிவியில் பேசுபவர் சுவரில் இருக்கிறார். பாட்காஸ்ட்டில் பேசுபவரோ காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடம் ஒருவரைத் தனியாகக் கேட்டுவிட்டால், அவர் எங்கே மூச்சு விடுவார், எந்த ஜோக்குக்கு முன்னால் தயங்குவார் என்பதெல்லாம் நேயருக்குத் தெரிந்துபோகிறது. அவர் மனசில் அது இருவர் பேச்சு. ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார்.

அந்த இடத்தில் மூன்றாவதாக ஓர் ஆள் நுழைகிறார். நேயர் அதுவரை இருந்த 'இரண்டாவது ஆள்' பதவியை இழக்கிறார். இனி ஹோஸ்ட் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேறொருவர் இருக்கிறார். நேயருக்கு இது ஒரு சின்ன துக்கம். அதைத் துக்கம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. "அந்தப் புதுசா வந்தவங்க ஏன் நடுவுல நடுவுல பேசுறாங்க?" என்று எழுதுகிறார்.

காதுக்குப் பழக்கம் என்பது சாதாரண விஷயமில்லை. உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே போதும், வேறு எந்தக் காரணமும் இல்லாமல் அதன்மேல் பிரியம் கூடுகிறது என்பது அதன் சாரம். இதைத் திருப்பிப் போட்டால், ஒரு குரல் பிடிக்கவில்லை என்று முதல் வாரத்தில் சொல்வதற்குப் பெரும்பாலும் 'இன்னும் போதுமான தடவை கேட்கவில்லை' என்பதுதான் பொருள். பாட்டி முதல் தடவை சாப்பிட்டபோது பிடிக்காத காபியை அறுபது வருடம் குடித்த கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

ஆக, முதல் மாதப் புகார்களில் பெரும்பகுதி விமர்சனமே இல்லை. பழக்கம் கலைந்ததன் முனகல் அது. முனகலைப் புரிந்துகொள்ளலாம், அதற்காகப் பரிதாபப்படவும் செய்யலாம். ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒருவரை நாற்காலியை விட்டு எழுப்பக் கூடாது. சரித்திரத்தில் அப்படி எழுப்பியிருக்கிறார்கள்.

1933 ஜூலையில் பி.பி.சி. ஷீலா பாரட் என்ற பெண்ணைத் தன் தேசிய ஒலிபரப்பில் அறிவிப்பாளராக உட்கார வைத்தது. சில மாதங்களிலேயே அவரை அந்த வேலையிலிருந்து எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் புகார்க் கடிதங்கள் வந்தன என்றும், அவற்றில் மிகுதி பெண்கள் எழுதியவை என்றும் அப்போது சொல்லப்பட்டது. இரண்டாம் உலகப்போர் நடுவில், 1941இல், அதே பி.பி.சி. யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தது. அவருடைய வடக்கத்தி உச்சரிப்பைக் கேட்டு நேயர்கள் கொதித்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த தேசத்தில், செய்தி வாசிப்பவர் ஓர் உயிரெழுத்தை எப்படி உச்சரிக்கிறார் என்பது பிரச்சினையாக இருந்தது! பாரட்டின் கதையிலும் பிக்கிள்ஸின் கதையிலும் செய்தி தப்பாக இருந்தது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆள்தான் தப்பாக இருந்தார்.

குரல் சரியில்லையா, கருவி சரியில்லையா?

"அவங்க குரல் கேக்கவே எரிச்சலா இருக்கு." பெண் கோ-ஹோஸ்ட்டுகள் எல்லாருக்கும் மனப்பாடமான வாக்கியம் இது.

இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எரிச்சல் எங்கிருந்து வந்தது? அமெரிக்க இசையமைப்பாளர் டீனா டாலன் 2019இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதன் தொழில்நுட்ப வேரைத் தோண்டினார். 1920களில் அமெரிக்காவில் ஒவ்வொரு வானொலி நிலையத்துக்கும் அலைவரிசையில் 10 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான் ஒதுக்கினார்கள். அதனால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி வெட்டப்பட்டது. மெய்யெழுத்துகளைத் துல்லியமாகக் காட்டுவதில் அந்த மேல் அதிர்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெண்குரலில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். கருவி வெட்டிய பிறகு மிச்சமிருந்ததைக் கேட்டுவிட்டு, பெண்கள் பேசினால் தெளிவில்லை, கீச்சென்றிருக்கிறது என்றார்கள். காதை அளவெடுத்துச் செருப்பு தைத்துவிட்டு, கால் சரியில்லை என்று சொன்ன கதைதான்.

இதன் சின்ன வடிவம் இன்றும் நம் வீட்டு ஸ்டுடியோக்களில் நடக்கிறது. பழைய ஹோஸ்ட்டிடம் நல்ல மைக் இருக்கும். மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வாங்கியது. புதிதாக வந்தவருக்கு இயர்போன் மைக், இல்லையென்றால் மேஜையின் மறுமுனையிலிருந்து தூரமாகப் பிடிக்கும் ஒரு பழைய மைக். எடிட் செய்பவர் பழைய குரலுக்கு ஏற்ற செட்டிங்கை அப்படியே புதுக்குரலுக்கும் போட்டுவிடுவார். ஆப்பிள் நிறுவனம் பாட்காஸ்ட்டுகளுக்குச் சொல்லும் சராசரி ஒலி அளவு மைனஸ் 16 எல்.கே.எஃப்.எஸ். மொத்த எபிசோடும் அந்த அளவில் இருக்கலாம். ஆனால் ஒரு குரல் மேலேயும் ஒரு குரல் கீழேயும் இருந்தால், நேயர் ஒவ்வொரு முறையும் வால்யூமை ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றிய நொடியில் புதியவர் சிரித்தால் காது கிழியும். அப்புறம் என்ன எழுதுவார்? 'இரண்டாவது மைக்கின் கெயினைச் சரிசெய்யவும்' என்றா எழுதுவார்? 'அந்த அம்மா சிரிப்பு தாங்கல' என்றுதான் எழுதுவார்.

எனவேதான் 'கண்டுக்காதே' ஆபத்தானது. அந்தத் திட்டுக்குள் ஒரு பயனுள்ள தகவல் ஒளிந்திருக்கிறது. கண்டுகொண்டால் ஒரு மைக் வாங்கிப் பிரச்சினையை முடித்துவிடலாம். கண்டுகொள்ளாவிட்டால் ஒருவர் தன் சிரிப்பையே மாற்றிக்கொள்ள முயற்சி செய்வார். பதிவில் தன் குரலைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் அந்நியமாகத்தான் இருக்கும். பேசும்போது நம் குரலை மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறோம். அது கனமாக, ஆழமாகக் கேட்கும். பதிவில் அந்த ஆழம் இருக்காது. ஏற்கெனவே 'இது என் குரலா?' என்று சங்கடத்தில் இருப்பவரிடம் நாலு பேர் 'ஆமா, நல்லாவே இல்ல' என்று எழுதினால் அவர் நம்பிவிடுவார்.

மீன் மார்க்கெட் தமிழ்

இப்போது என் ஊருக்கு வருகிறேன். நான் சதுரங்கப்பட்டினம் பக்கத்துக்காரி. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். வடக்கே கொக்கிலமேடு, அதைத் தாண்டினால் மாமல்லபுரம். தெற்கே பாலாறு கடலில் சேரும் முகத்துவாரம். ஒரு பாட்காஸ்ட்டில் கொஞ்ச காலம் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு வந்த ஒரு செய்தி: "உங்க தமிழ் மீன் மார்க்கெட் மாதிரி இருக்கு."

திட்டு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏனென்றால் மீன் ஏலத்தில் நிற்பவர்கள் பேசும் தமிழைப் போல வேகமும் துல்லியமும் உள்ள தமிழை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஒரு கூறு வஞ்சிரத்துக்கு விலை ஏறி முடிவதற்குள் பத்து முடிவுகள் எடுக்கப்படும். அதில் ஒரு சொல் வீணாகாது. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று பெயர் பெயராக வைத்திருக்கும் மொழி அது. இலக்கிய பாட்காஸ்ட்டில் 'கடல்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உருகுகிற நமக்கு அந்த மொழி கேவலமாகத் தெரிகிறது.

விஷயம் ஒரு நேயரின் ரசனையோடு முடிவதில்லை. தமிழின் வட்டார வழக்குகளுக்குள் ஓர் ஏணி இருக்கிறது. சினிமாவைப் பாருங்கள். கோவைத் தமிழ் பேசினால் மரியாதை, நெல்லைத் தமிழ் பேசினால் மண்வாசனை, மதுரைத் தமிழ் பேசினால் வீரம். வடதமிழகத்துத் தமிழ் பேசினால்? நீண்ட காலம் அது சிரிப்புக்கு மட்டும்தான். 'சகோதரி' படத்தில் சந்திரபாபு பால்காரராக வந்த 1959இலிருந்து லூஸ் மோகன் வரை, 'இஸ்துகினு', 'வந்துகினு', 'குந்து' என்பதெல்லாம் காமெடியன் வாயில்தான் வரலாம். கதாநாயகன் பேசினால்கூட அது வேஷம், பாட்டு முடிந்ததும் கலைந்துவிடும். 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) ஆகிய படங்கள் வந்த பிறகுதான் அந்தத் தமிழில் காதலிக்கவும் கோபப்படவும் அரசியல் பேசவும் முடியும் என்று திரை ஒப்புக்கொண்டது.

காது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ கூவத்தூரிலிருந்தோ ஒருத்தர் மைக் முன்னால் உட்கார்ந்து 'ஒண்ணியும் இல்ல' என்று சொன்னால், 'லோக்கலா பேசுறாங்க' என்று ஒரு கமென்ட் வரும். லோக்கலாகப் பேசாமல் வேறு எப்படிப் பேசுவது? எல்லாரும் ஏதோ ஓர் ஊரில்தானே பிறந்திருக்கிறோம்?

'ழ' விவகாரம் தனி. எங்கள் பக்கம் பேச்சில் ழகரம் யகரமாவது உண்டு, ளகரமாவதும் உண்டு. ஒரு கவிதையை வாசிக்கும்போது ழகரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது வாசிப்பவரின் தொழில் ஒழுக்கம். ஆனால் ஒரு நாவலைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, 'ஆழமான வாசிப்பு' என்பதில் ழ வரவில்லை என்று எழுதுகிறவர் அந்த வாசிப்பு ஆழமானதா என்று ஏன் கேட்கவில்லை?

இதற்குள் இருக்கும் இன்னொரு பாகுபாட்டையும் சொல்லியாக வேண்டும். 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் தங்களை உட்காரவிடவில்லை என்று நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் பேசிய வீடியோ தமிழ்நாடு முழுவதும் பரவியது. அறிவுத் தெளிவோடு, கோர்வையாக, கோபத்தோடு பேசினார். அமைச்சர் அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். அந்த வருடம் தீபாவளியன்று முதல்வர் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டாக்களும் சான்றிதழ்களும் கொடுத்தார். அந்தக் குரலை எல்லாரும் பகிர்ந்தார்கள், கண்ணீர் விட்டார்கள். இப்போது ஒரு கேள்வி. அதே போன்ற ஒரு குரல் வாராவாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து புத்தகங்களைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ கருத்துச் சொன்னால், பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தன் துயரத்தைச் சொல்லும்வரை அந்தக் குரல் 'உண்மையான குரல்'. நம் துயரத்தைப் பற்றியோ நம் ரசனையைப் பற்றியோ அது அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தால் 'இவங்களுக்கு என்ன தெரியும்?' என்றாகிவிடும். சாட்சியாக வரலாம், நீதிபதியாக வரக் கூடாது. கோ-ஹோஸ்ட் நாற்காலி என்பது சாட்சிக் கூண்டு இல்லை. சண்டையே அங்கேதான்.

எந்த ஊர்த் தமிழ் வானொலித் தமிழ்?

'அப்ப வானொலியில எவ்ளோ அழகா பேசுவாங்க' என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அழகு உண்மை. "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்ற குரலை எங்கள் தெருவில் நேரம் பார்க்கப் பயன்படுத்தியவர்கள் உண்டு. 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறையே தன் காலை நேரத்தை இழந்தது. ஆனால் அவர் மும்பையில் வளர்ந்து டெல்லியிலிருந்து வாசித்தவர். அந்தத் தமிழ் எந்த ஊர்த் தெருவிலும் பேசப்பட்ட தமிழ் இல்லை. செய்தி வாசிக்க அது தேவை. அரட்டைக்கு அதை அளவுகோலாக வைப்பது, கல்யாணச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தினசரிக் குழம்பைக் குறை சொல்வது.

நம் காது நெகிழ்வானது என்பதற்கும் வானொலியே சாட்சி. கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று பெயர் சொன்னால் இன்றும் முகம் மலரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தமிழின் தொனி நம்முடையது அல்ல. இருந்தும் கேட்டோம், நேசித்தோம், நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட் கார்டு போட்டோம். கடல் தாண்டி வந்த தொனியைத் தாங்கிய காதுக்குப் பாலாற்றங்கரைத் தொனி கனக்கிறது என்றால், குறை தூரத்தில் இல்லை, மரியாதையில் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அதற்குப் பிறகும் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002 வரை காத்திருந்தோம், தொண்டு அமைப்புகள் நடத்த 2006 வரை காத்திருந்தோம். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. எங்கள் மாவட்டத்தில் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். நடத்தும் முத்துச்சரம் இருக்கிறது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை வந்தது. இவையெல்லாம் கொஞ்ச தூரமே கேட்கும் சின்ன நிலையங்கள். தனியார் எஃப்.எம்.களுக்கோ இன்றுவரை சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. உரிமம் கேட்காத, தூரம் பார்க்காத ஒரே மேடையாக நமக்கு வாய்த்தது பாட்காஸ்ட். அந்த மேடையிலும் ஒரே தொனி, ஒரே வர்க்கம், ஒரே விதமான சிரிப்புதான் வேண்டும் என்று நேயர்களாகிய நாமே தணிக்கை செய்தால், அரசாங்கம் விட்டுக்கொடுத்ததை நாம் பிடுங்கிக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம்.

எத்தனையாவது நிமிடம்?

'அப்போ நேயர் வாயை மூடிக்கிட்டு கேக்கணுமா?' என்று கேட்பீர்கள். கூடாது. நேயர் கோபப்பட்டுத்தான் பல நல்லது நடந்திருக்கிறது. 2023 மே மாதம் அகில இந்திய வானொலியை இனி 'ஆகாஷ்வாணி' என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்று பிரசார் பாரதி உத்தரவிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அதுவும் கேட்பவரின் விமர்சனம்தான். பெயரில் இருக்கும் அதிகாரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. மேலிருந்து கீழே வரும் குரலைக் கேள்வி கேட்பதும், இப்போதுதான் படியேறி வந்த ஒருவரின் தொனியைக் கிண்டல் செய்வதும் ஒன்றல்ல.

கோ-ஹோஸ்ட்டுகளும் தப்பு செய்வார்கள். புத்தகத்தைப் பாதி படித்துவிட்டு வருவார்கள். விருந்தினர் ஒரு நல்ல வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது 'கரெக்ட் கரெக்ட்' என்று குறுக்கே விழுவார்கள். ஹோஸ்ட் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வார்கள். வருடம் மாறும், பெயர் மாறும். இவற்றைச் சுட்டிக்காட்டுகிறவர் நிகழ்ச்சிக்கு நண்பர். அடுத்த எபிசோடின் தொடக்கத்திலேயே 'போன வாரம் சொன்ன தகவல் தவறு, சரியானது இது' என்று சொல்லிவிட்டு மேலே போவதுதான் அழகு.

அப்படியானால் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? என் கைவசம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. எத்தனையாவது நிமிடம்?

'23ஆவது நிமிஷத்துல அவர் முடிக்கறதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க.' இது விமர்சனம். போய்க் கேட்டுப் பார்க்கலாம், ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். 'முதல் பத்து நிமிஷம் உங்க குரல் அமுங்கியே இருந்தது.' இது கருவி பற்றிய புகார், தங்கம். 'நீங்க வந்ததுலருந்து நிகழ்ச்சி நல்லா இல்ல.' இதில் நிமிடம் இல்லை, இது மனநிலை. இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். 'உங்க பேச்சே பிடிக்கல', 'மீன் மார்க்கெட்', 'வீட்டுல வேலை இல்லையா?' இவற்றில் நிமிடமும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. ஆள் மட்டும்தான் இருக்கிறார். இதற்குப் பதில் சொல்லும் கடமை புதியவருக்குக் கிடையாது. படிக்கும் கடமைகூடக் கிடையாது.

ஆனால் வேறொருவருக்கு அந்தக் கடமை இருக்கிறது.

பழைய ஹோஸ்ட்டே, உங்களைத்தான்

நீங்கள்தான் அழைத்தீர்கள். நேயர்கள் உங்களை நம்புகிறார்கள், அவரை இன்னும் நம்பவில்லை. நம்பிக்கை என்ற முதல் உங்களிடம் இருக்கிறது, கடன் அவர் பெயரில் ஏறுகிறது. இந்த நிலையில் நீங்கள் 'கண்டுக்காதே' என்று தனியாகச் சொல்லிவிட்டு மைக் முன்னால் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை நேயர் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார். 'அவருக்கே பிடிக்கல போல' என்று எழுதுவார். எழுதவும் செய்கிறார்கள்.

2015 ஜனவரியில் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' நிகழ்ச்சி செய்ததைக் கேளுங்கள். அங்கே வேலை செய்யும் இளம் பெண் செய்தியாளர்களின் குரல் கரகரக்கிறது, சகிக்கவில்லை என்று கடிதங்கள் குவிந்தன. நிகழ்ச்சியை நடத்தும் ஐரா கிளாஸ் அதையே நிகழ்ச்சியின் பேச்சாக எடுத்தார். தன் குரலிலும் அதே கரகரப்பு இருக்கிறது, தனக்கு மட்டும் அப்படிக் கடிதம் வருவதில்லையே என்று ஒலிபரப்பிலேயே சொன்னார். ஸ்டான்ஃபோர்ட் மொழியியலாளர் பெனலோப் எக்கர்ட்டைப் பேச வைத்தார். அந்தக் கரகரப்பு வயதானவர்களைத்தான் உறுத்துகிறது, இளையவர்களை உறுத்தவில்லை என்று அவர் விளக்கினார். கவனிக்க வேண்டியது, சுமையை எடுத்துக்கொண்டவர் யார் என்பதை. கடிதம் வாங்கிய பெண்களைத் தடித்த தோலோடு இருக்கச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கதைக்குப் போகவில்லை.

நம் ஊரில் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்தான். அறிமுகத்தில் 'இன்னிக்கு நம்ம கூட' என்று விருந்தாளி மாதிரி சொல்லாதீர்கள், 'நானும் இவரும் நடத்துறோம்' என்று சொல்லுங்கள். அதே தரத்தில் இரண்டாவது மைக் வாங்குங்கள், முடியாவிட்டால் மைக்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு மாதம் வரும் செய்திகளை நீங்கள் முதலில் படியுங்கள். நிமிடம் குறிப்பிட்ட புகார்களை மட்டும் அவர் கையில் கொடுங்கள். அசிங்கமாக வருபவற்றை அழியுங்கள், நடுநிலை என்ற பெயரில் விட்டுவைக்காதீர்கள். எடிட்டில் அவருடைய தயக்கங்களை மட்டும் விட்டுவிட்டு உங்கள் தயக்கங்களை மட்டும் வெட்டாதீர்கள். அவர் உங்களை மறுத்துப் பேசிய இடங்களைக் கட்டாயம் வெட்டாதீர்கள். மறுக்கத்தான் அவரைக் கூப்பிட்டீர்கள். ஆமாம் சாமி போட எதிரொலியே போதுமே!

புதிதாக உட்கார்ந்திருக்கும் தோழிக்கும் தோழனுக்கும் ஒன்று. தொனியை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள், தயாரிப்பைக் கூட்டச் சொன்னால் கூட்டுங்கள். முதலாவது உங்கள் ஊர், இரண்டாவது உங்கள் வேலை. வேலையில் குறை சொல்ல நேயருக்கு முழு உரிமை உண்டு, ஊரில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த இரண்டும் கலந்துவரும் செய்தியைப் பிரித்துப் பார்க்க முடியாமல் திணறினால், தனியாகத் திணற வேண்டாம். உங்களை அழைத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, 'இதுக்கு நீங்க என்ன சொல்லப் போறீங்க?' என்று கேளுங்கள். அவர் 'கண்டுக்காதே' என்றால், அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கோ-ஹோஸ்ட் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நேயரே, உங்களிடம் கேட்பது மிகக் குறைவு. பத்து எபிசோட் பொறுங்கள். பதினோராவதிலும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எழுதுங்கள், கடுமையாகவே எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் மறக்காமல் போடுங்கள்.